பறவையை விட்டுட்டு வராதீங்க

அக்கா, இங்க மே மாசம் கிழக்குக் காத்து அடிச்சு, கூடவே தூறலும் போட்டுச்சுன்னா பாதி ஊருக்கு உடம்பு சரியில்லாமப் போயிடும். ஒருத்தனுக்கு முதுகு பிடிச்சுக்கும், இன்னொருத்தனுக்கு வயித்தைக் கலக்கும். எல்லாரும் வேலைக்கு லீவு சொல்லிட்டு, கழுத்துல பைனாகுலரை மாட்டிக்கிட்டு கடல் பக்கம் வந்து நிப்பாங்க. குளிர்காலம் முடிஞ்சு தெற்கேயிருந்து திரும்பற பறவைங்க அந்தக் காத்துல தடம் மாறி எங்க பக்கம் வந்து இறங்கும். நார்வே போக வேண்டியது, ரஷ்யா போக வேண்டியது எல்லாம் எங்க ஊரு தோர்ன்சீ பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி முள்ளுச்செடியில உட்கார்ந்திருக்கும். ஒருத்தர் பார்த்துட்டு குரூப்புல போட்டா போதும். எங்க பிளம்பர் கெவ் ஒரு தடவை பதில் போட்டான்: "ஒரு அம்மா வீட்டுல பைப் வெடிச்சு வெள்ளமா கிடக்கு. வாளியைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, இதோ வந்துடறேன்னு சொல்லிட்டேன். எந்தச் செடி?"

நேத்து நீ கேட்ட. "அந்தப் பெரியவர் செத்து எவ்வளவு நாளாச்சு, நீயா தள்ளி விட்ட, ஏன்டா இப்படி உருகுற"ன்னு கேட்ட. அதுக்குத்தான் பதில் சொல்றேன். அம்மாகிட்ட சொல்லாத. பேப்பர்ல வந்த என் போட்டோவை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காங்கன்னு சொன்னல்ல, அது அப்படியே இருக்கட்டும்.

முதல்ல இந்தக் கூட்டத்தைப் பத்திச் சொன்னாத்தான் உனக்குப் புரியும். நான் வேலை செய்யற முதியோர் இல்லத்துல என் பேரு தாமோதரன்னு யாருக்கும் தெரியாது. டாம். அங்க நான் என்ன சொன்னாலும், சூப்பர்வைசர் இன்னொரு தடவை போய்ப் பார்த்துட்டு வருவா. ஐயா மாத்திரை போட்டுட்டாருன்னு சொன்னா, போய் அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பா. தப்புன்னு சொல்லல, வேலை அப்படி. ஆனா கடல் பக்கம் வந்துட்டா வேற மாதிரி. எதிர்ல வர்றவன் எந்த ஊரு, விசா எப்ப முடியுதுன்னு கேட்க மாட்டான். "என்ன இருக்கு?"ன்னு தான் கேட்பான். நாம சொல்ற பதிலை வச்சு மழையில அவ்வளவு தூரம் நடந்து போவான். நம்ம வாய்ச்சொல்லை நம்பி ஒருத்தன் நடக்கறான் பாரு, இந்த நாட்டுல எனக்கு அந்த மரியாதை வேற எங்கயும் கிடைக்கல.

இவங்களுக்கு ரெண்டு கட்டுப்பாடு உண்டு. எங்கயும் எழுதி வைக்கல, ஆனா மீறினா முகத்துலயே முழிக்க மாட்டாங்க. ஒண்ணு, அரிய பறவையைக் கண்டுபிடிச்சவன் அடுத்த ஆள் வர்ற வரைக்கும் அதை விட்டு நகரக் கூடாது. மழை வந்தாலும் சரி, பொண்டாட்டிக்குப் பிரசவ வலி வந்தாலும் சரி. வர்றவன் கண்ணுல பறவையைக் காட்டிட்டுத்தான் போகணும்.

இன்னொண்ணு சதுப்பு சம்பந்தப்பட்டது. எங்க ஊருக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு பெரிய மேடு, அதைத்தான் கரைன்னு சொல்லுவோம். கரைக்கு அந்தப் பக்கம் சதுப்பு பாய் விரிச்ச மாதிரி சமமா தெரியும், ஆனா குறுக்க குறுக்க ஓடை. எல்லாத்துக்கும் கடைசியில ஒரு மண்திட்டு. கடல் ஏறும்போது தண்ணி முன்னாடியிருந்து அலையா வராது. பின்னாடி ஓடைங்கள்ல சத்தமில்லாம ஏறும். திட்டு மேல நிக்கறவன் கால் காஞ்சே இருக்கும், திரும்பிப் பார்த்தா அவனுக்கும் கரைக்கும் நடுவுல ஆள் முங்கற ஆழம். அதனால திட்டுக்கு ஒருத்தன் போனா, கரை மேல ஒருத்தன் நிக்கணும். போனவன் பறவையைப் பார்ப்பான், நிக்கறவன் தண்ணியைப் பார்ப்பான். தண்ணி அசைஞ்சா போன் பண்ணணும். போனவன் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்ல. அதையும் மீறி மாட்டிக்கிட்டா ஏறி நிக்கறதுக்குத் திட்டு மேல மரப் பரண் ஒண்ணு கட்டியிருக்காங்க.

ஹெட்லி தான் இங்க எல்லாத்துக்கும் பெரியவர். இந்தப் பக்கம் யார் என்ன பார்த்தாலும், அது ஊர்ப் பறவைக் கணக்குல சேருமா சேராதான்னு சொல்ல வேண்டியது அவரு. ஒல்லியா, நெட்டையா, எப்பவும் ஒரே பச்சைத் தொப்பி. கேமரா வச்சுக்க மாட்டார். "படம் பிடிக்கறவன் பறவையைப் பார்க்கறதில்ல, பொத்தானைப் பார்க்கறான்"னு சொல்லுவார். கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன். அவர் பொண்டாட்டி மாரீன் செய்யற பன்றிக்கறி ரொட்டியில பாதியை யாராவது நனைஞ்சு நின்னா கொடுத்துடுவார். எனக்கும் கொடுத்திருக்கார்.

ரெண்டு வருஷம் முன்னாடி, இதே மாதிரி மே மாசம், நான் மட்டும் தனியா கரை மேல நின்னப்ப கீழ சேத்துல ஒரு உள்ளானைப் பார்த்தேன். ஆரஞ்சுக் கால். அலகு மேல் பக்கமா வளைஞ்சு இருந்துச்சு. குனிஞ்ச தலை நிமிராம, தடுக்கி விழப் போறவன் மாதிரி ஓடி ஓடிப் பூச்சி பிடிச்சுது. வேதாரண்யத்துல மாமாவோட உப்பளத்துல நாம எத்தனை பார்த்திருக்கோம். அங்க யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. இங்க அதுக்கு டெரெக்குன்னு பேரு, எங்க சதுப்புல அதுவரைக்கும் ஒருத்தரும் பார்த்ததில்ல. குரூப்புல போட்டேன். அன்னைக்கு எனக்கு மதிய ஷிப்ட். லேட்டாப் போனா என் மேல புகார் எழுதிடுவாங்க, விசா அவங்க கையில. முடிஞ்ச வரைக்கும் நின்னுட்டுக் கிளம்பிட்டேன். முதல்ல கெவ் வந்திருக்கான், அப்புறம் ஹெட்லி, அப்புறம் வெளியூர்லயிருந்து கார் கார். வெறும் சேறுதான் கிடந்திருக்கு.

சாயந்திரம் பப்புல எல்லாரும் இருக்கும்போது ஹெட்லி கேட்டார், "தம்பி, விட்டுட்டு வந்தியா?"

"வேலை இருந்துச்சு ஹெட்லி."

"எல்லாருக்கும்தான் வேலை இருக்கு."

"எங்க ஊர்ல நூத்துக்கணக்குல பார்த்திருக்கேன். எனக்குத் தெரியும்."

"உங்க ஊர்ல பார்த்திருப்ப. அதனாலதான் இங்கயும் அது தெரியுது. ஏக்கம் பொல்லாததுப்பா." திட்டற மாதிரி சொல்லல, தோளைத் தட்டித்தான் சொன்னார். "ஒத்தை ஆள், படம் இல்ல. சேர்க்க முடியாது. நானே பார்த்தாலும் இதே விதிதான்."

அதோட விட்டிருந்தா நானும் விட்டிருப்பேன். ஆனா கெவ்வுக்கு வாய் சும்மா இருக்காது. அன்னையிலயிருந்து எது காணாமப் போனாலும் 'டாம் பறவை'. லைட்டரைக் காணோமா, டாம் பறவை. பந்தயத்துல தோத்த காசு, டாம் பறவை. புதுசா வந்த ஒரு பொண்ணு என்கிட்டயே கேட்டா, "டாம் பறவைன்னு ஏதோ சொல்றாங்களே, அது எப்படி இருக்கும்?" நான் அப்புறம் உண்மையாவே நல்ல பறவைங்களைக் கண்டுபிடிச்சேன். குரூப்புல போட்டா ஒருத்தனும் கிளம்ப மாட்டான். இன்னொருத்தர் "ஆமா, இருக்கு"ன்னு போட்டப்புறம்தான் காரை எடுப்பாங்க. மாத்திரை போட்ட கிழவர் வாயைத் திறந்து பார்க்கற மாதிரி. ரெண்டு வருஷம் இப்படிப் போச்சு. நான் ஒரு தடவைகூடக் கோபப்படல. நீயே சொல்லுவ, தாமுவுக்குக் கோபமே வராதுன்னு.

இந்த மே மாசம் அந்த நாள். கிழக்குக் காத்து, தூறல், அதோட கடல் மேல லேசா பனி மூட்டம். கரை மேல நானும் ஹெட்லியும் மட்டும்தான். மத்தவங்க எல்லாம் தெற்கே லைட் ஹவுஸ் பக்கம் ஏதோ கீச்சான் குருவி வந்திருக்குன்னு ஓடிட்டாங்க. ஹெட்லி சதுப்பையே பார்த்துக்கிட்டு நின்னார். "திட்டு வரைக்கும் போய்ட்டு வந்துடட்டுமா? நீ கரையில நிக்கறியா?"

"நிக்கறேன்."

"ஷிப்ட் இல்லையே?" சிரிச்சார். நானும் சிரிச்சேன்.

அவர் போனார். பனியில முதல்ல தொப்பி மங்கிச்சு, அப்புறம் ஆளே தெரியல. நான் தண்ணியைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். என் வேலையை நான் ஒழுங்காத்தான் செஞ்சேன், அதை நீ நம்பணும்.

கொஞ்ச நேரத்துல போன் வந்துச்சு. குரலே மாறிப் போயிருந்துச்சு. சின்னப் பையன் மாதிரி மூச்சு வாங்கினார். "டாம், உன் பறவை. டெரெக். முன்னாடியே ஓடிக்கிட்டு இருக்கு, கை நீட்டினா தொட்டுடலாம் போல. குரூப்புல போடறேன், சிக்னல் இல்ல, மெசேஜ் போகவே மாட்டேங்குது. நீ வா. நீ வந்து பாரு."

நான் போனை இந்தக் காதுலயிருந்து அந்தக் காதுக்கு மாத்தினேன்.

"கேட்குதா தம்பி? அன்னைக்கு நீ சொன்னது சரியாத்தான் இருந்திருக்கும். ஓட்டத்தைப் பார்த்தவுடனே தோணிச்சு, நீ சொன்னியே, தடுக்கி விழற மாதிரி. பார்க்காதவனுக்கு அந்த வார்த்தை வராது. ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துட்டோம்னா உன் பழைய பறவையையும் சேர்த்துக் கணக்குல ஏத்திடலாம். ஓடை எப்படி இருக்கு? காஞ்சிருந்தா ஓடி வா, பார்த்துட்டு ரெண்டு பேரும் திரும்பிடலாம்."

நான் ஓடையைப் பார்த்தேன். அடியில தண்ணி நுரை தள்ளிக்கிட்டு உள்ள வர ஆரம்பிச்சிருந்துச்சு. அப்பவே அவர் கிளம்பினா முழங்கால் நனைஞ்சு கரைக்கு வந்து சேர்ந்துடலாம்.

"காஞ்சு கிடக்கு"ன்னு சொன்னேன். "வர்றேன். பறவையை விட்டுட்டு வராதீங்க."

ஏன் சொன்னேன்னு நீ கேட்ப. நானும் நிதானமா யோசிச்சுப் பார்த்துட்டேன். பப்புல அத்தனை பேர் முன்னாடி என்னைப் பொய்யன்னு ஆக்கிட்டு, இப்ப கேட்க ஆள் இல்லாத மண்திட்டுல நின்னு, நான் சொன்னது சரின்னு சொல்றார். நாளைக்கு அவர் வாய் மாறினா நான் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடறது? ஒத்தை ஆள், படம் இல்ல. இன்னொண்ணும் இருக்கு. என் வார்த்தையை நம்பாத மனுஷன், தண்ணி விஷயத்துல மட்டும் நம்பினார். கண்ணால பார்க்காததை ஏத்துக்காதேன்னு ஊருக்கே சொன்னவர், ஒரு தடவை தலையைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கல. அதுல என் தப்பு பாதிதான்.

அதுவுமில்லாம பரண் இருந்துச்சு. ஏறி உட்கார்ந்துக்குவார், கொஞ்ச நேரம் நடுங்குவார், கடலோர மீட்புக்காரங்க படகுல போய்க் கூட்டிட்டு வருவாங்க, பப்புல எல்லாரும் அவரைக் கிண்டல் பண்ணுவாங்க. அவ்வளவுதான் நினைச்சேன். ஒரு நாள் அவரும் கிண்டலுக்கு ஆளாகட்டுமேன்னு.

ரெண்டாவது போன். "எங்கப்பா இருக்க?"

"முதல் ஓடை தாண்டிட்டேன். பனியில நீங்க தெரியல. அங்கேயே நில்லுங்க."

"நிக்கறேன், நிக்கறேன். இன்னும் இங்கதான் இருக்கு. பொறுமையா வா, சேறு வழுக்கும்."

நான் கரை மேலதான் நின்னேன். ஃபிளாஸ்க்ல டீ இருந்துச்சு, குடிச்சேன். ஓடை நிறையறது பார்க்க அமைதியா இருக்கும் அக்கா. யாரோ பாத்திரத்துல பால் ஊத்தற மாதிரி.

மூணாவது போன் வந்தப்ப அவருக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா அவர் கோபமா பேசல. "தம்பி, தண்ணி ஏறிடுச்சு. நான் பரண்கிட்ட நிக்கறேன், எனக்கு ஒண்ணுமில்ல. நீ எங்க? கரைக்குத் திரும்பிட்டியா?"

திரும்பிட்டேன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அவர் பரண்ல ஏறியிருப்பார். நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனா அவர் குரல்ல ஒண்ணு இருந்துச்சு, அக்கா. நான் என்ன சொன்னாலும் அப்படியே எடுத்துக்குவார். வாயைத் திறந்து காட்டுன்னு கேட்க மாட்டார். இந்த நாட்டுக்கு வந்ததுலயிருந்து ஒருத்தர்கூட என்னை அப்படி நம்பினதில்ல.

"நடு ஓடையில மாட்டிக்கிட்டேன்"னு சொன்னேன். "இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. கால் சேத்துல புதைஞ்சிருக்கு."

"அசையாத. காலை இழுக்காத. நான் வர்றேன்."

போன் கட் ஆச்சு. பனிக்குள்ளயிருந்து "டாம், டாம்"னு கூப்பிடற சத்தம் கேட்டுச்சு. இடது பக்கம் கேட்டுச்சு, அப்புறம் இன்னும் கிட்டக்க கேட்டுச்சு. நான் பதில் கொடுக்கல. கொடுத்தா நான் கரையில இருக்கேன்னு தெரிஞ்சுடும். அப்புறம் சத்தம் இல்ல. கொஞ்சம் பொறுத்து, மீட்புக்காரங்களுக்கு நான்தான் போன் பண்ணினேன். ஹெலிகாப்டர்கூட வந்துச்சு.

தண்ணி இறங்கினப்புறம் நடு ஓடையில கிடந்தார். டெலஸ்கோப்பைத் திட்டுலயே விட்டுட்டு வந்திருந்தார். அது மூணு காலையும் சேத்துல ஊனி அப்படியே நின்னுச்சு.

போலீஸ் மரியாதையாத்தான் கேட்டாங்க. தண்ணி வருது, திரும்பி வாங்கன்னு மூணு தடவையும் சொன்னேன், அரிய பறவை இருக்கு, விட்டுட்டு வர மாட்டேன்னுட்டார்னு சொன்னேன். அவங்களுக்கு அது புரியல. கெவ்வுக்குப் புரிஞ்சுது. கண்ணைத் துடைச்சுக்கிட்டே அந்தப் போலீஸ்காரங்ககிட்ட சொன்னான், "நீங்க ஹெட்லியைப் பார்த்ததில்ல. அவர் விடவே மாட்டார். நானா இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்." அதோட விசாரணை முடிஞ்ச மாதிரிதான். ஆனா அவனுக்கு ஒண்ணு மட்டும் இன்னும் பிடிபடல. பரண் பக்கத்துலயே இருக்கு, சதுப்பு முழுக்க அத்துப்படி, அப்படிப்பட்டவர் ஏன் ஆழமான ஓடையில இறங்கினார்? என்கிட்ட கேட்டான். குளிர்ல புத்தி குழம்பியிருக்கும்னு சொன்னேன். நம்பினான். இப்ப எல்லாரும் நம்பறாங்க.

மாரீன் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாங்க. "வா கண்ணு, உட்காரு." டீ ஊத்திக் கொடுத்தாங்க. அப்புறம் கேட்டாங்க, "அவர் பார்த்த பறவை உண்மைதானா? வேற யாரும் பார்க்கலையே. ஒத்தை ஆளாச்சே. அவர் விதிப்படியே அது சேராது இல்ல?" அதைக் கேக்கும்போதுதான் அவங்க அழுதாங்க. செத்ததுக்குக்கூட அப்படி அழல.

எனக்குத் தாங்கல அக்கா. "நான் பார்த்தேன்"னு சொன்னேன். "பனி கொஞ்சம் விலகிச்சு. கரையிலயிருந்து டெலஸ்கோப்புல தெரிஞ்சுது. ஆரஞ்சுக் கால், மேல வளைஞ்ச அலகு." அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

ரெண்டு சாட்சி ஆயிடுச்சு. அதனால பறவை கணக்குல சேர்ந்துச்சு, எங்க சதுப்போட முதல் டெரெக், அவர் பேரும் என் பேரும் பக்கத்துல பக்கத்துல. நினைவுக் கூட்டத்துல கெவ் எழுந்து நின்னு, "டாம்கிட்ட நாங்க எல்லாரும் மன்னிப்புக் கேட்கணும்"னு சொன்னான். எல்லாரும் கை தட்டினாங்க. அந்தப் போட்டோதான் நம்ம வீட்டுச் சுவத்துல இருக்கு. மாரீன் அவரோட டெலஸ்கோப்பை எனக்கே கொடுத்துட்டாங்க. ஹெட்லி இருந்த இடத்துல இனிமே டாம் இருக்கட்டும்னு பேசிக்கிறாங்க. யாராவது ஏதாவது பார்த்தா முதல்ல எனக்குத்தான் போன் வருது, "நீ வந்து பார்த்துச் சொல்லு டாம், நீ சொன்னா சரி."

அதனாலதான் சாப்பாடு இறங்க மாட்டேங்குது. அன்னைக்குப் பனி விலகவே இல்ல அக்கா. நான் எந்தப் பறவையையும் பார்க்கல. பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்லிட்டேன். என் வாழ்க்கையிலயே நான் செஞ்ச தப்பு அது ஒண்ணுதான். நான் பொய் சொல்ற ஆள் இல்லன்னு உனக்குத் தெரியும்.